பூனை மணல் தொட்டியை விட்டு வெளியே போகிறதா? புதிதாக வளர்ப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

எங்கள் வீட்டுக் கடுவன் சுண்டு ஒரு நாள் காலை பாத்ரூமில், தண்ணீர் போகும் சல்லடை மூடிமேல் போய் உட்கார்ந்தான். இரண்டு வருடமாக மணல் தொட்டியைத் தவிர வேறெங்கும் போகாதவன். அரை நிமிடம் முக்கினான், எழுந்தான், தொட்டிக்குப் போனான், தோண்டினான், உட்கார்ந்தான், மறுபடி பாத்ரூமுக்கே வந்தான். "மலச்சிக்கலா இருக்கும்டி, ரெண்டு சொட்டு விளக்கெண்ணெய் குடு" என்றார் அம்மா. எனக்கும் அப்படித்தான் பட்டது. சாயங்காலம் வாந்தி எடுத்தான். பிறகு கட்டிலுக்கு அடியில் சுவரோரமாகப் போய் ஒடுங்கிக்கொண்டான். கூப்பிட்டால் காதுகூட அசையவில்லை. இரவு 11 மணிக்கு டாக்டர் அவன் அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, என் விரலையும் பிடித்து அங்கே வைத்தார். உள்ளே சின்னச் சாத்துக்குடி போலக் கெட்டியாக ஓர் உருண்டை. "மூத்திரப்பைம்மா. குழாய் அடைச்சிருக்கு. காலைலயே வந்திருக்கலாம்" என்றார். மூன்று நாள் குழாய் போட்டு வைத்திருந்து, பிழைத்து வந்தான்.

அதற்குப் பிறகுதான் மணல் தொட்டியைக் கவனிக்கக் கற்றுக்கொண்டேன். கடைகளில் லிட்டர் பாக்ஸ் என்று கேட்டால் கொடுப்பார்களே, அதைத்தான் சொல்கிறேன். இப்போது தெரிந்தவர்கள் யார் பூனை எடுத்து வளர்த்தாலும், ஒரு மாதத்துக்குள் "மெத்தையில போயிடுச்சு", "தோண்டிக்கிட்டே இருக்கு" என்று போன் வந்துவிடும். அவர்களிடம் சொல்வதை, சொல்லும் வரிசையிலேயே எழுதுகிறேன். முதலில் பூனையின் உடம்பைப் பாருங்கள், அப்புறம் தொட்டியை, அதற்கும் அப்புறம் வீட்டை. பெரும்பாலானவர்கள் முதலில் பூனையைத் திட்டுகிறார்கள். அதன் மூக்கை ஈரத்தில் வைத்துத் தேய்க்கிறவர்களும் உண்டு. பூனைக்கு அதில் ஒன்றும் புரியாது. உங்கள் கண்ணில் படாத இடமாகப் பார்த்துப் போக வேண்டும் என்பதை மட்டும் கற்றுக்கொள்ளும், உங்களுக்குத் தேடுகிற வேலை கூடும்.

முதல் கேள்வி: இது அவசரமா?

கடுவனின் சிறுநீர்க் குழாய் நீளமானது, நுனியில் மிகக் குறுகலானது. சிறுநீரில் உருவாகும் மணல் போன்ற படிகங்களும் சளி போன்ற கசடும் சேர்ந்து அங்கே அடைத்துக்கொண்டால் ஒரு சொட்டும் வெளியே வராது. சிறுநீரகம் வேலையை நிறுத்தும், இரத்தத்தில் பொட்டாசியம் ஏறும், அது இதயத்தைத் தாக்கும். முழு அடைப்பு 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உயிரை எடுத்துவிடக்கூடும். அதனால் இந்த அடையாளங்களை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள்: திரும்பத் திரும்பத் தொட்டிக்குப் போவது, உட்கார்ந்து முக்கிவிட்டு ஒன்றுமில்லாமல் எழுவது, அப்போது கத்துவது, அடிப்பக்கத்தை நக்கிக்கொண்டே இருப்பது, சிவந்த சொட்டுகள், பிறகு வாந்தி, சோர்வு, ஒளிந்துகொள்வது.

மலச்சிக்கலிலும் பூனை முக்கும், அதனால்தான் ஏமாந்துபோகிறோம். பார்த்து வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். தொட்டிக்குள் பார்த்தால் தெரியும். கடுவன் நாலைந்து தடவை போய் உட்கார்ந்திருக்கிறது, மணலில் சிறுநீர் பட்டு இறுகிய ஈரக் கட்டி ஒன்றுகூட இல்லை என்றால் உடனே கிளம்பிவிடுங்கள். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். விளக்கெண்ணெய் வேண்டாம், வயிற்றை அமுக்கிப் பார்க்க வேண்டாம். முக்கியமாக நம் வீட்டு மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள். பாரசிட்டமால் பூனைக்கு விஷம், ஒரே மாத்திரை கொன்றுவிடக்கூடும். பெட்டைப் பூனைக்கு முழு அடைப்பு அபூர்வம்தான், ஆனால் அதுவும் முக்கினால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

உங்கள் ஊரில் இரவில் பூனையைப் பார்க்கும் மருத்துவமனை எது என்று இன்றைக்கே விசாரித்து, நம்பரை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வையுங்கள். அந்த ராத்திரி நாங்கள் நான்கு இடத்துக்குப் போன் செய்த பிறகுதான் ஓரிடத்தில் எடுத்தார்கள்.

வழக்கம் எது என்று தெரிந்துகொள்ளுங்கள்

அவசரம் இல்லை என்றால் மூச்சு விட்டுக்கொள்ளலாம். இனி ஒரு வாரம் எழுதி வையுங்கள். தொட்டிக்கு மேலே சுவரில் ஒரு தாள், ஒரு பென்சில் போதும்.

வளர்ந்த பூனை சாதாரணமாக நாளுக்கு 2 முதல் 4 தடவை சிறுநீர் கழிக்கும், சுமாராக ஒரு தடவை மலம் கழிக்கும். ஈரம் பட்டால் கட்டியாகும் மணல் போட்டிருந்தால் அள்ளும்போதே கணக்குத் தெரிந்துவிடும். ஒவ்வொரு ஈரக் கட்டியும் பெரிய எலுமிச்சம்பழத்துக்கும் கோழிமுட்டைக்கும் நடுவில் இருக்கும். டப்பாவிலோ பாக்கெட்டிலோ வரும் ஈர உணவு சாப்பிடும் பூனைக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். உங்கள் பூனைக்கு எது வழக்கம் என்பது ஒரு வாரத்தில் கைக்குப் பழகிவிடும்.

அதற்குப் பிறகு மாற்றம் வந்தால் தானாகவே கண்ணில் படும். கொத்துமல்லி விதை அளவில் சின்னச் சின்னக் கட்டியாக ஏழெட்டு கிடந்தால் சிறுநீர்ப்பையில் எரிச்சல். கட்டிகள் திடீரென்று உள்ளங்கை அகலத்துக்குப் பெருத்து, தண்ணீர்க் கிண்ணமும் சீக்கிரம் காலியானால் சிறுநீரகக் கோளாறோ நீரிழிவோ, வயதான பூனை என்றால் தைராய்டு மிகையோ இருக்கலாம். தரையில் சிந்திய சிறுநீரை எறும்பு மொய்த்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். மனிதர்களுக்கு நீரிழிவைக் கண்டுபிடிக்க நம் வீட்டுப் பெரியவர்கள் பார்த்த அதே அடையாளம்தான்.

மணலை அள்ளுவது ஒரே ஆளாக இருப்பது நல்லது. காலையில் ஒருவர், மாலையில் ஒருவர் என்று அள்ளினால் கணக்கு நிற்காது. வேலைக்கு வரும் அக்கா அள்ளுகிறார் என்றால் அவரிடமே கேளுங்கள், வீட்டில் யாரையும்விட அவருக்குத்தான் அதிகம் தெரிந்திருக்கும். இரண்டு பூனைகள் இருந்து யாருடையது என்று புரியவில்லையா? இரண்டு நாள் தனித்தனி அறையில் தனித்தனித் தொட்டியோடு விட்டுப் பாருங்கள்.

விசித்திரமாகத் தெரியும் பழக்கங்கள்

எனக்கு அதிகம் போன் வருவது இவற்றைப் பற்றித்தான். பாதிக்குப் பாதி பயப்படத் தேவையில்லாதவை.

மலத்தை மூடாமல் போவது. எல்லாப் பூனையும் மூடும் என்று நினைத்திருப்போம், அப்படி இல்லை. வெளியே திரியும் பூனைகளிலும் தன் எல்லையைக் காட்டிக்கொள்ளும் பூனை மூடாமலே விட்டுவிட்டுப் போகும். தாயிடம் அதிக நாள் இருக்காத குட்டிகள் சரியாக மூடுவதில்லை என்பது நான் பார்த்தது. சின்ன வயதிலிருந்தே மூடாத பூனை என்றால் விட்டுவிடுங்கள். இத்தனை நாள் மூடிக்கொண்டிருந்த பூனை திடீரென்று நிறுத்தினால்தான் யோசிக்க வேண்டும். மணல் பிடிக்காமல் போயிருக்கலாம், பாதத்தில் புண் இருக்கலாம், அங்கே நிற்கும்போது வலிக்கலாம்.

மணலை விட்டுவிட்டுத் தொட்டியின் சுவரையோ பக்கத்துத் தரையையோ சுரண்டுவது. இது பெரும்பாலும் "இந்த மணலில் கால் வைக்கப் பிடிக்கவில்லை" என்பதுதான். முன்னங்கால் இரண்டையும் விளிம்பில் வைத்துக்கொண்டு, பின்பாதியை மட்டும் உள்ளே விட்டுப் போகிற பூனையும் அதையேதான் சொல்கிறது. மணல் அழுக்காக இருக்கலாம், கரகரப்பாக இருக்கலாம், வாசனை சேர்த்ததாக இருக்கலாம், தொட்டி சின்னதாகவும் இருக்கலாம். போன வருடம் தோழி ஒருத்தி வீட்டில் பார்த்தேன். உள்ளே போன பூனை உடம்பைத் திருப்ப இடமில்லாமல் மூக்கு ஒரு சுவரிலும் வால் ஒரு சுவரிலும் இடிக்க நின்றது. பெரிய தொட்டி மாற்றிய அன்றே சுரண்டல் நின்றுவிட்டது.

சிறுநீர் உள்ளே, மலம் வெளியே. இதற்கு மூன்று காரணம் அடிக்கடி உண்டு. ஒன்று, சில பூனைகளுக்கு இரண்டையும் ஒரே இடத்தில் போகப் பிடிக்காது; இரண்டாவது தொட்டி வைத்தால் முடிந்தது. இன்னொன்று, மலச்சிக்கலில் தொட்டிக்குள் வலித்திருக்கும், வலிக்கும் தொட்டிக்கும் முடிச்சுப் போட்டுக்கொண்டு வேறு இடம் தேடும். கடைசியாக, வயதான பூனை. 10, 12 வயதுக்கு மேல் மூட்டுத் தேய்மானம் மிகப் பரவலானது. உயர்ந்த விளிம்பைத் தாண்டி ஏறி, மலம் கழிக்கக் குனிந்து நிற்பது அதற்குப் பெரிய வேலை. ஒரு பக்கம் விளிம்பைத் தரையிலிருந்து நாலைந்து விரல் உயரத்துக்கு வெட்டிக் கொடுங்கள், வெட்டிய ஓரத்தை மறக்காமல் தேய்த்து மழுங்கடியுங்கள்.

பாத்ரூம், சிங்க், டைல்ஸ் தரை. குளிர்ந்த வழவழப்பான இடத்தைப் பூனை திடீரென்று தேடினால் எனக்கு இன்றும் வயிற்றைக் கலக்கும். சிறுநீர்ப்பை எரிச்சலில் பல பூனைகள் இப்படிச் செய்யும். சுண்டு செய்ததும் இதுதான். ஒரு தடவை நடந்தாலும் அன்று முழுக்க மணலில் கட்டி விழுகிறதா என்று பாருங்கள்.

மெத்தையும் துணிக் குவியலும். மெத்தையில் போனால் வீட்டில் எல்லோருக்கும் கோபம் வரும், "வேணும்னே பண்ணுது" என்பார்கள். பூனைக்குப் பழிவாங்கத் தெரியாது. மெத்தை மெத்தென்றிருக்கிறது, ஈரத்தை உறிஞ்சுகிறது, உங்கள் வாசனை இருக்கிறது, உயரமாகவும் இருப்பதால் நான்கு பக்கமும் பார்க்கலாம். வலியிலோ பயத்திலோ இருக்கும் பூனைக்கு இதைவிடப் பாதுகாப்பான இடம் வீட்டில் கிடையாது.

தொட்டியிலேயே படுத்துத் தூங்குவது. புதிதாக வந்த பூனை முதல் சில நாள் இப்படிச் செய்தால் பயத்தில் தன் வாசனை உள்ள இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் ஓர் அட்டைப் பெட்டியைக் கவிழ்த்து, ஒரு பக்கம் வாசல் வெட்டி, உள்ளே பழைய புடவையைப் போட்டு வையுங்கள், மாறிவிடும். வருடக்கணக்காக இருக்கும் பூனை போய்ப் படுத்தால் உடம்பு சரியில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மணலைத் தின்பதும் அப்படித்தான். குட்டிகள் ருசி பார்க்கும், அதனால் மூன்று மாதம் ஆகும்வரை கட்டியாகும் மணல் வேண்டாம், வயிற்றுக்குள் போய் இறுகிவிடும். வளர்ந்த பூனை தின்றால் இரத்தசோகையா என்று சோதிக்கச் சொல்லுங்கள். ஈறு வெளுத்திருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம்.

அப்புறம், போய் முடித்ததும் வீடு முழுக்கத் தலைதெறிக்க ஓடுவது, அள்ளிச் சுத்தம் செய்த மறுநிமிடமே வந்து போவது. இரண்டும் ஆரோக்கியமான பூனைகள் செய்பவை. சுத்தமான மணலைப் பார்த்து ஓடி வருகிறது என்றால் இன்னும் அடிக்கடி அள்ள வேண்டும் என்று அர்த்தம், அவ்வளவுதான்.

தொட்டி, மணல், இடம்

கடையில் கிடைக்கும் தொட்டிகளில் பெரும்பாலானவை குட்டிக்குத்தான் சரிவரும். மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம்வரை பூனையை அளந்து, அதைப்போல் ஒன்றரை மடங்கு நீளமாவது வேண்டும். துணி ஊறவைக்கும் அகலமான பிளாஸ்டிக் டப் ஒன்றைப் பாத்திரக்கடையில் வாங்கினால் விலையும் குறைவு, இடமும் தாராளம். எண்ணிக்கைக்குப் பொதுவாகச் சொல்லும் கணக்கு, பூனைகளைவிட ஒன்று கூடுதல். ஒரு பூனைக்கு இரண்டு, இரண்டுக்கு மூன்று. சின்ன ஃப்ளாட்டில் இது கஷ்டம் என்று தெரியும். ஆனால் இரண்டு தொட்டியை ஒட்டி ஒட்டி வைத்தால் பூனையின் கணக்கில் அது ஒரே இடம்தான். வேறு வேறு அறையில் வையுங்கள்.

மணல் விஷயத்தில் ஒரு பழைய கதை எனக்குப் பிடிக்கும். அமெரிக்காவில் ஒரு காலத்தில் பூனைக்குச் சாம்பல், மணல், மரத்தூள்தான். 1947-ல் மிச்சிகன் மாநிலத்தில் எட்வர்ட் லோ என்பவரிடம் அக்கம்பக்கத்துப் பெண் ஒருவர் பூனைக்கு மணல் கேட்டு வந்தார். லோவிடம் எண்ணெய்க் கசிவை உறிஞ்ச வைத்திருந்த களிமண் பொடிக்கட்டி இருந்தது. அதைக் கொடுத்தனுப்பினார். இன்று உலகம் முழுக்க விற்கும் பூனை மணலுக்குத் தொடக்கம் அது. அந்த மண் வேறொன்றுமில்லை, முகத்தில் பூசும் முல்தானி மிட்டி வகைதான். ஈரம் பட்டால் கட்டியாகும் பென்டோனைட் மணல் 1980-களில் வந்தது; நம் நாட்டில் அந்த மண் குஜராத்தின் கட்ச்சிலும் ராஜஸ்தானிலும் வெட்டி எடுக்கப்படுகிறது.

நான் புதியவர்களுக்குச் சொல்வது வாசனை சேர்க்காத, மெல்லிய, கட்டியாகும் பென்டோனைட். லாவண்டர் வாசனை நமக்காகப் போட்டது, நம்மைவிடப் பல மடங்கு கூர்மையான மூக்குள்ள பூனைக்கு அது தொல்லை. நாலைந்து சென்டிமீட்டர் ஆழத்துக்குப் போடுங்கள். காலையும் மாலையும் அள்ளுங்கள். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு தடவை முழுவதையும் கொட்டி, வாசனையில்லாத சோப்பில் தொட்டியைக் கழுவி, நன்றாகக் காயவைத்துப் புது மணல் போடுங்கள். அள்ளியதைக் கழிப்பறையில் கொட்டவே கூடாது. குழாய்க்குள் ஊறிப் பெருத்து அடைத்துவிடும்.

தெருவிலிருந்து எடுத்த குட்டி என்றால் அது எதில் போய்ப் பழகியது என்று யோசியுங்கள். நம் ஊரில் வீடு கட்டும் இடத்தில் கொட்டிய மணல் குவியல்தான் பூனைகளுக்குக் கழிப்பறை. அப்படி வந்த குட்டிக்கு முதல் சில நாள் சலித்த மணலையே போட்டு, பிறகு புது மணலை நாளுக்கு ஒரு கைப்பிடியாகக் கூட்டிக்கொண்டே போனால் பத்து நாளில் மாறிவிடும். செய்தித்தாள் கிழித்துப் போடுவது இரண்டு நாள் சமாளிக்க உதவும், அதற்குமேல் வேண்டாம். தாளில் பழகிய பூனை, தரையில் கிடக்கும் தாள் எல்லாவற்றையும் தன் இடமாக நினைத்துக்கொள்ளும்.

இடம். நாம் எல்லோரும் செய்கிற தவறு பாத்ரூமுக்குள் வைப்பது. நம் பாத்ரூம் தரை காலையில் முழுக்க ஈரம், குளித்து முடிக்கும்வரை கதவும் பூட்டியிருக்கும். ஈரத்தில் பாதம் வைக்கப் பூனைக்கு அருவருப்பு. வாஷிங் மெஷின் பக்கமும் வேண்டாம். நடுவில் ஒரு தடவை அது அதிர்ந்து சுற்ற ஆரம்பித்துவிட்டால் பூனை அந்தத் தொட்டியை நம்பாது. பால்கனி பரவாயில்லை, ஆனால் சித்திரை, வைகாசி வெயிலில் மதியம் மணல் கொதிக்கும். சாப்பாட்டுக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் கூடவே கூடாது. ஆள் நடமாட்டம் குறைந்த, ஆனால் இரண்டு பக்கமும் தப்பிப் போக வழியுள்ள மூலை ஒன்று போதும். நாயோ இன்னொரு பூனையோ இருக்கும் வீட்டில் இந்த இரண்டாவது வழி மிக முக்கியம். ஒரே வாசலில் வந்து மறித்து உட்கார்ந்துகொண்டால் மற்றது எங்கே போகும்?

பீய்ச்சுவது வேறு

பூனை நின்றுகொண்டு, வாலைத் தூக்கி, வால் நுனி நடுங்க, சுவரிலோ திரைச்சீலையிலோ கொஞ்சமாகப் பீய்ச்சினால் அது கழிப்பு அல்ல, கையெழுத்து. இங்கே நான் இருக்கிறேன் என்று எழுதிவைப்பது. தொட்டியை மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது. கருத்தடை செய்யாத கடுவனிடம் அதிகம், சூட்டுக்கு வந்த பெட்டையிடமும் உண்டு. ஐந்து ஆறு மாதத்தில் கருத்தடை செய்துவிட்டால் பெரும்பாலான கடுவன்கள் இதைத் தொடங்குவதே இல்லை, தொடங்கியவையும் பெரும்பாலும் நிறுத்திவிடும்.

கருத்தடைக்குப் பிறகும் பீய்ச்சுகிறதா? எந்த இடத்தில் என்று பாருங்கள். ஜன்னல், வாசல் கதவு என்றால் வெளியே ஒரு பூனை வந்துபோகிறது. எங்கள் மாடியில் ஒரு மஞ்சள் பூனை இரவு இரண்டு மணிக்கு வந்து கிரில் கதவோரம் உட்காரும். கதவின் கீழ்ப்பாதிக்கு அட்டை வைத்து மறைத்தோம், அந்த மூலையில் ஈரம் நின்றது.

வீட்டில் என்ன மாறியது?

டாக்டர் பார்த்து, கல் இல்லை, கிருமி இல்லை என்றாலும் இரத்தமும் முக்கலும் இருக்கலாம். 10 வயதுக்குக் கீழுள்ள பூனைகளுக்கு வரும் சிறுநீர்த் தொந்தரவில் பெரும்பங்கு இப்படிக் கல்லோ கிருமியோ இல்லாத சிறுநீர்ப்பை அழற்சிதான், இதை மன அழுத்தம் தூண்டிவிடும். இளம் பூனைகளில் கிருமித் தொற்று குறைவு, அதனால் எடுத்த எடுப்பில் ஆன்டிபயாடிக் எழுதினால் சிறுநீர்ப் பரிசோதனை செய்யலாமா என்று கேளுங்கள். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் டோனி பஃபிங்டன் என்ற கால்நடை மருத்துவரின் குழுவினர் 2011-ல் வெளியிட்ட ஆய்வில், கவனித்துக்கொள்ளும் ஆளோ நேரமோ மாறிய வாரங்களில் இந்த அழற்சி உள்ள பூனைகள் மட்டுமல்லாமல் நல்ல ஆரோக்கியமான பூனைகளும் வாந்தி எடுத்தன, சாப்பாட்டைக் குறைத்தன, தொட்டிக்கு வெளியே போயின.

நம் வீடுகளில் அப்படிப்பட்ட வாரங்களுக்குப் பஞ்சமில்லை. தீபாவளி வெடி, வெள்ளையடிப்பு, கல்யாணத்துக்கு வந்து தங்கும் சொந்தம், புதுக் குழந்தை, இடம் மாறிய பீரோ. தீபாவளிக்கு மூன்று நாள் முன்னாலேயே உள்ளறை ஒன்றில் தொட்டி, தண்ணீர், படுக்கை எல்லாம் வைத்து, ஜன்னலுக்குக் கனமான போர்வை தொங்கவிடுங்கள். மற்ற நாட்களில் சாப்பாட்டு நேரம் மாறாமல் இருக்கட்டும், ஏறி உட்கார உயரமான இடம் ஒன்று, ஒளிய ஓர் இடம், தினம் பத்து நிமிடம் கயிறு இழுத்து விளையாட்டு. ஈர உணவைக் கூட்டி, தண்ணீர்க் கிண்ணத்தை இரண்டு மூன்று இடத்தில் வையுங்கள். 4 கிலோ பூனைக்கு உணவில் இருப்பதையும் சேர்த்து நாளுக்குச் சுமார் 200 மில்லி தண்ணீர் வேண்டும், உலர் உணவு மட்டும் சாப்பிடும் பூனை அந்த அளவைத் தொடுவது சிரமம்.

துடைக்கும் முறை

ஃபினாயிலைத் தொடாதீர்கள். கருப்போ வெள்ளையோ, இரண்டும் வேண்டாம். தண்ணீரில் விட்டதும் பால்போல் வெளுக்கும் கிருமிநாசினிகளும் வேண்டாம். ஃபீனால் வகைப் பொருட்களையும் பைன் எண்ணெயையும் முறிக்கும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. தரையில் நடக்கும், பாதத்தை நக்கும், அது நேரே உள்ளே போகும். பிளீச்சும் சிறுநீரும் சேர்ந்தால் மூச்சைத் திணறவைக்கும் வாயு வரும்.

புது ஈரமாக இருந்தால் பழைய துணியை மடித்து அழுத்தி ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். குளிர்ந்த தண்ணீர் ஊற்றி மறுபடி ஒற்றுங்கள். பிறகு செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும் என்சைம் கலந்த திரவத்தைத் தாராளமாக ஊற்றித் தானாகக் காயவிடுங்கள். அதில் இருக்கும் என்சைம் வேலை செய்ய நேரம் வேண்டும். அது கைவசம் இல்லாத அன்று, தண்ணீர் கலந்த வினிகரில் துடைத்து, காய்ந்ததும் ஆப்ப சோடா தூவிவைத்து மறுநாள் பெருக்கலாம். மழைக்காலத்தில் பழைய இடம் திடீரென்று நாறும், இடம் எது என்று தெரியாது. கள்ளநோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கை இரவில் அடித்துப் பாருங்கள், கறை வெளிர்மஞ்சளாக மினுங்கும். வாசனை முழுதும் போகாதவரை பூனை அங்கேயே திரும்ப வரும்.

மறுபடி தொட்டிக்குக் கொண்டுவருவது

உடம்பு சரியான பிறகுதான் இது. பூனையை ஒரு சின்ன அறையில் படுக்கை, சாப்பாடு, தண்ணீர், எதிர்மூலையில் புதுத் தொட்டியோடு வையுங்கள். பழைய தொட்டி வேண்டாம், அதில் வலியின் நினைவு இருக்கிறது. ஒரே அளவுள்ள இரண்டு தொட்டியில் இரண்டு வகை மணல் போட்டால் எது பிடிக்கிறது என்று மூன்றே நாளில் காட்டிவிடும். நீங்கள் அடிக்கடி உள்ளே போய் உட்காருங்கள், சிறைபோல் ஆகிவிடக் கூடாது. தொட்டியில் போனதும் ஒரு துண்டு அவித்த கோழி கொடுங்கள். தூக்கிக்கொண்டுபோய் உள்ளே வைத்துக் காலைப் பிடித்துத் தோண்டவைப்பது வேண்டாம். ஒரு வாரம் தவறாமல் போனால் இன்னொரு அறையைத் திறங்கள், பிறகு இன்னொன்று. வெளியே போய்ப் பழகிய இடத்தில் சாப்பாட்டுக் கிண்ணத்தையோ படுக்கையையோ வைத்துவிட்டால் பெரும்பாலும் அங்கே போகாது. மெத்தை என்றால் பகலில் மேலே தார்ப்பாய் விரித்துவிடுங்கள். சிலதுக்கு பத்து நாள், சிலதுக்கு இரண்டு மாதம்.

வீட்டில் கர்ப்பிணி இருந்தால்

"பூனையைக் கொண்டுபோய் விட்டுட்டு வா" என்று பெரியவர்கள் சொல்வார்கள். விட வேண்டாம். டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியைப் பற்றிய பயம் நியாயமானதுதான், ஆனால் மலத்தில் வெளிவரும் அதன் முட்டை தொற்றும் நிலைக்கு வர ஒன்று முதல் ஐந்து நாள் பிடிக்கும். தினம் அள்ளினாலே ஆபத்து பெரிதும் குறையும். கர்ப்பிணி அள்ள வேண்டாம், வீட்டில் வேறொருவர் அள்ளட்டும். வேறு ஆளே இல்லை என்றால் கையுறை போட்டு அள்ளி, சோப்புப் போட்டுக் கை கழுவினால் போதும். பூனைக்குப் பச்சை இறைச்சி கொடுக்காதீர்கள், வெளியே வேட்டைக்கு விடாதீர்கள்.

டாக்டரிடம் போகும்போது

சுவரில் ஒட்டிய தாளைப் பிய்த்து எடுத்துப்போங்கள். பூனை முக்குவதையோ பீய்ச்சுவதையோ செல்போனில் வீடியோ எடுத்திருந்தால் இன்னும் நல்லது, மருத்துவமனை மேசையில் எந்தப் பூனையும் அதைச் செய்து காட்டாது. சிறுநீர் கேட்டால், கழுவிக் காயவைத்த தொட்டியில் மணலுக்குப் பதிலாக மீன்தொட்டிக் கூழாங்கல்லைக் கழுவி ஒரு கைப்பிடி போட்டு வையுங்கள். பூனை போனதும் தொட்டியைச் சாய்த்து, ஊசி இல்லாத சிரிஞ்சில் உறிஞ்சி, சுத்தமான டப்பாவில் ஊற்றி ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுபோங்கள். முடியாவிட்டால் ஃபிரிட்ஜில் வையுங்கள்.

ஒரு தடவை அடைத்த கடுவனுக்கு மறுபடி அடைக்கும் வாய்ப்பு அதிகம். அதனால் சுண்டு இப்போது முழுக்க ஈர உணவில் இருக்கிறான், தொட்டிகள் இரண்டு. இரவு எத்தனை மணிக்கு அவன் மணலைத் தோண்டினாலும் அம்மாவுக்கு விழிப்பு வந்துவிடும். தோண்டல் நின்றதும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார். மூடும் சத்தம் வந்தால் திரும்பிப் படுத்துக்கொள்வார். வராவிட்டால் எழுந்து லைட்டைப் போட்டுக் கட்டி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பென்சிலால் தாளில் ஒரு கோடு போட்டுவிட்டு வந்து படுப்பார்.